குடியிருப்புக் கடிதம்: அதிரசமும் அர்சாவும்

சென்ற இதழில், குளிர் நாளில் இட்லி மாவு பொங்காமல் நம்மை ஏய்ப்பதைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தோம். அதைப் படித்த அன்பர் ஒருவர் சங்கக் கூட்டத்தில் நம்மை நிறுத்தி, "கிறிஸ்துமஸ் காலையில் உங்கள் வீட்டில் என்னதான் உண்பீர்கள்? கேக்கு மட்டுந்தானா?" என்று கேட்டார். கேக்கு, மாலையில் வரும் விருந்தினருக்கு. காலைக்கு உரியது வேறு. அதைச் சொல்லப் புகுந்தால் நம் வீட்டுக் குறை ஒன்றையும் சொல்ல வேண்டி வருகிறது. சொல்லிவிடுகிறோம்.

நம் பூர்வீகம் நாசரேத்து. அந்த நெல்லைச் சீமையில் விடியுமுன்பே கோயில் மணி அடித்துவிடும். புத்தாடை உடுத்து, இருட்டில் நடந்து சென்று ஆராதனை முடித்துத் திரும்பினால், இலையில் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் காத்திருக்கும். பக்கத்தில் பலகாரத் தட்டு. அதில் முறுக்கு, அதிரசம், அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து. இந்த முந்திரிக்கொத்தைத் தின்று பார்த்து, "முந்திரிப்பருப்பு எங்கே?" என்று கேட்காத வடநாட்டு நண்பர் இல்லை. தமிழ் நண்பர்களும் கேட்கிறார்கள்! அந்தப் பக்கத்தில் முந்திரி என்பது கொடிமுந்திரி, அதாவது திராட்சை. வறுத்த பாசிப்பயற்றைத் திரித்து, பாகும் தேங்காயும் சேர்த்து உருட்டி, மூன்று மூன்றாக ஒட்டி, அரிசி மாவில் தோய்த்துப் பொரித்தால் திராட்சைக் குலை போலத் தோன்றும். பெயர்க் காரணம் அவ்வளவே.

நம் தந்தையார் இரயில்வே வேலையாக ஹட்டியாவுக்கு மாற்றலாகி வந்தபோது நமக்கு வயது ஏழு. இராஞ்சிப் பீடபூமியின் டிசம்பர்க் குளிர் எளியதன்று. அன்னையார் மாவுப் பானையைக் கம்பளியில் சுற்றி, கோணிக்குள் இறக்கி, அடுப்பருகே வைத்துக் காவல் இருப்பார். காலையில் பார்த்தால் மாவு கரைத்த நிலையிலேயே கிடக்கும். குழம்பு மட்டும் மணக்கும். தோசையாக ஊற்றி ஒப்பேற்றுவார்கள்.

அடுத்த குடியிருப்பில் ஓர் ஓராவோன் குடும்பம். அவர் தண்டவாளப் பராமரிப்புத் தொழிலாளி. அவர்களும் கிறிஸ்தவர்களே, கோஸ்னர் சபையார். 1996ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலை, அவர்கள் மகன் ஒரு வெண்கலத் தட்டைத் துணியால் மூடி எடுத்துவந்தான். துணியின் ஓரம் விலகியபோது, செம்மண் நிறத்தில் வட்ட வட்டமாக ஏதோ பலகாரம் தெரிந்தது. அன்னையார் கை நீட்டினார். தந்தையார் முந்திக்கொண்டு, வீட்டில் எல்லாருக்கும் வயிறு சரியில்லை என்று இந்தியில் இனிமையாகச் சொல்லித் தட்டைத் திருப்பி அனுப்பினார். அச்சமயம் நம் வாயில் முறுக்கு இருந்தது. பையன் அதைப் பார்த்தான்.

கதவு சாத்திய பிறகு தந்தையார் நமக்குச் சரித்திரம் கூறினார். பாளையங்கோட்டையில் கிளாரிந்தா அம்மையார் ஞானஸ்நானம் பெற்றது 1778இல். அங்கே கோயில் எழுந்தது 1785இல். இந்த இராஞ்சிக்கு ஜெர்மானிய மிஷனரிகள் வந்ததே 1845இல். முதல் நான்கு ஓராவோன்கள் ஞானஸ்நானம் பெற்றது 1850இல். ஆகவே நாம் மூத்தவர்களாம். ஆண்டுகள் எல்லாம் சரியானவையே. தந்தையார் கணக்கில் தவறு செய்யாத மனிதர். ஆனால் தட்டு திரும்பிப் போனதற்கும் அந்த ஆண்டுகளுக்கும் சம்பந்தமில்லை என்பது எட்டு வயதிலேயே நமக்கு விளங்கியது. ஊரில் எந்தெந்த வீட்டில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்களோ, அதையே அவர் இரயிலேற்றிக் கொண்டுவந்திருந்தார். அதன்பின் பன்னிரண்டு கிறிஸ்துமஸ் அந்த வீட்டிலிருந்து தட்டு வரவில்லை. பையனும் நாமும் ஒரே பள்ளியில் படித்தோம். பேசிக்கொள்வோம், உணவு வேளையில் மட்டும் தனித்தனியே அமர்ந்தோம்.

2009 ஆகஸ்டில் தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமானார். மெட்ரிக் தேறியிருந்த நமக்குக் கருணை அடிப்படையில் இந்த எழுத்தர் வேலை கிடைத்தது. துக்க ஆண்டில் வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏற்றும் வழக்கம் இல்லை. உறவினர்தாம் பலகாரம் கொண்டுவருவார்கள். ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் உறவினர் எங்கே வருவார்கள்? அந்தக் கிறிஸ்துமஸ் காலை ஆராதனை முடித்து வந்து, அன்னையாரும் நாமும் வெறும் தேநீரோடு உட்கார்ந்திருந்தோம். கதவு தட்டப்பட்டது. அந்த அம்மையார் தாமே தட்டை ஏந்தி நின்றிருந்தார். ஒன்றும் பேசவில்லை. அன்னையார் வாங்கி, அங்கேயே நின்றபடி ஒன்றைப் பிட்டு வாயிலிட்டார். பிறகு நம் பக்கம் திரும்பி, "ஏலே, இது நம்ம அதிரசம்லா!" என்றார்.

அதிரசமேதான். அங்கே அதற்கு அர்சா என்று பெயர். பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, ஈரம் முழுதும் காயுமுன் இடித்து, வெல்லப் பாகில் கிளறி, தட்டிப் பொரிப்பது. தெலுங்கர் அரிசெலு என்பதும், ஒடியர் ஆரிசா பிட்டா என்பதும் இதன் உடன்பிறப்புகளே. தீபாவளிக்கு அதிரசம் சுடும் அன்பர்களுக்குச் செய்முறை விளக்க வேண்டியதில்லை. பாகு பதம் தப்பினால் சட்டியில் கரைந்துபோகும் வேதனை இரு நாட்டுக்கும் பொது. ஒரு வேற்றுமை உண்டு. ஊரில் நம் பாட்டியார் கருப்பட்டியில் செய்வார். இங்கே பனங்கருப்பட்டிக்குப் போவதெங்கே? ஈச்ச மரத்துப் பதநீர் குளிர்காலத்தில்தான் இறங்கும்; அந்த வெல்லம் டிசம்பரில் கடைக்கு வரும். அதைச் சேர்க்கலாம் என்று சொன்னவர் அந்த அம்மையாரே. கருப்பட்டியின் வாசனைக்கு அருகில் வருகிறது என்று அன்னையார் ஒப்புக்கொண்டார். அதற்குமேல் எதையும் அவர் ஒப்புக்கொள்வதில்லை.

மறு ஆண்டிலிருந்து இரு வீட்டு அரிசியும் ஒரே பாத்திரத்தில் ஊறியது. இட்லிச் சங்கடத்துக்கும் வழி பிறந்தது. அரிசியையும் கடலைப்பருப்பையும் ஊறவைத்து அரைத்து, கரண்டியால் எண்ணெயில் ஊற்றி எடுக்கும் துஸ்கா என்பது அவர்கள் பண்டம். புளிக்க வேண்டியதில்லை, குளிருக்கு அஞ்சாது. நாசரேத்துக் கறிக்குழம்பில் துஸ்காவைத் தோய்த்துத் தின்பதே நம் கிறிஸ்துமஸ் காலை உணவாயிற்று. நம் குடியிருப்பு மலையாளக் குடும்பம் இருபத்தைந்து நோன்பு முடித்து அப்பமும் இறைச்சி ஸ்டூவும் உண்ணும். கோவாக் குடும்பத்திலிருந்து கருத்து மினுங்கும் தோதோல் ஒரு துண்டு வரும். அதுவும் அரிசி மாவு, வெல்லம், தேங்காய்ப்பால்தான். அரிசியும் வெல்லமும் இல்லாத கிறிஸ்துமஸ் தட்டை நாம் அங்கே கண்டதில்லை.

இரு பெண்மணிகளும் பேசிக்கொண்டது உடைந்த இந்தியில். ஒருநாள் அந்த அம்மையார் தம் மகனைத் தம் தாய்மொழியாகிய குடுக்கில் அழைத்தது அன்னையார் காதில் விழுந்தது. "நீன்" என்றது புரிந்தது. விசாரித்தார். நான் என்பதற்கு ஏன், நாம் என்பதற்கு நாம்! குடுக்கு திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை நாம் பிற்பாடு படித்தறிந்தோம். அன்னையாருக்கு நூல் தேவைப்படவில்லை. தந்தையார் இருந்தபோதே இதைக் கேட்டிருக்கலாமே என்று மட்டும் சொன்னார்.

2022 ஆவணியில் அன்னையார் மறைந்தார். அவ்வாண்டும் நம் வீட்டில் சட்டி ஏறவில்லை, தட்டு வந்தது. மறு ஆண்டு அந்த வீட்டுக்காரர் ஓய்வு பெற்றுக் குடியிருப்பைக் காலி செய்து, கும்லாப் பக்கத்துத் தம் கிராமத்துக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். மூட்டை கட்டும் அவசரத்தில் அவர்கள் தட்டு நம் வீட்டிலேயே தங்கிவிட்டது. வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுப்பது இரு வீட்டு வழக்கத்திலும் இல்லை.

பாசிப்பயறு வறுத்தாயிற்று. நம் இல்லத்தரசி முந்திரிக்கொத்துக்குப் பாகு காய்ச்சி முதல் முறை கோட்டைவிட்டார். இரண்டாம் முறை பதம் வந்தது. டிசம்பர் 26க்கு ஒரு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அனுமதி இன்னும் வரவில்லை. வந்தால், காலை முதல் பேருந்து.