லோரியின் அடியையும் கழுவுங்கள்

மாணவர்களே, கியா பார்மில் காய்கறி ஏற்றும் லோரிகளைப் பார்த்திருப்பீர்கள். முகப்பு பளபளக்கும்; சக்கரத்தின் உட்புறத்தில் சேறு காய்ந்திருக்கும். அங்கேதான் அதிர்வைத் தாங்கும் அப்சோர்பர் இருக்கிறது.

இரும்பு துருப்பிடிக்க நீரும் உயிர்வளியும் வேண்டும். மலைமழை நீரைத் தருகிறது. சேற்றில் கலந்த உர உப்பு மின்னைக் கடத்தித் துருவை விரைவுபடுத்துகிறது. அப்சோர்பர் தண்டின் குரோமியப் பூச்சில் குழி விழுந்தால், அது எண்ணெய் அடைப்பானைக் கிழிக்கும். எண்ணெய் கசியும், சக்கரம் துள்ளும், பிரேக் பிடித்தாலும் லோரி தள்ளிப்போய்த்தான் நிற்கும்.

எனவே, அடியைக் கழுவுவது அழகுக்கன்று, உயிருக்கு என்பேன். வெளிக்குழாயின் மேல்துருவைச் சுரண்டிச் சாயம் பூசலாம். தண்டில் குழி விழுந்தால் சாயம் உதவாது. அந்த அச்சின் இரண்டு அப்சோர்பரையும் மாற்ற வேண்டும். வீட்டில் லோரி இருந்தால் இன்றே அப்பாவிடம் சொல்லுங்கள்.