கலசம் தெரிகிறதா, கண்ணே?

சிதம்பரம் கீழ வீதியில் நின்று, கோபுரக் கலசங்களை எண்ணிச் சொல்லும்படி உங்கள் குழந்தையைக் கேட்டுப் பாருங்கள். கண்ணை இடுக்கிக்கொண்டு தடுமாறினால், கிட்டப் பார்வையாக இருக்கலாம். கரும்பலகை தெரியாமல் விழிக்கும் குழந்தையை 'மக்கு' என்று ஏசாதீர்கள். கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

விழி சற்று நீளமாக வளர்ந்துவிடுவதே பெரும்பாலும் காரணம். காரட்டும் கீரையும் உடம்புக்கு நல்லவைதாம்; ஆனால் நீண்ட விழியை அவை குறுக்கிவிடா.

"பெண் குழந்தைக்குக் கண்ணாடியா?" என்று தயங்கும் தாய்மார்கள் உண்டு. கண்ணாடி போடுவதால் கண் கெடாது. போடாவிட்டால் அவள் படிப்புத்தான் கெடும். 'பவரை'க் குறைத்து வாங்கினாலும் பயனில்லை.

சீனாவின் குவாங்சோ நகரில் ஆறு பள்ளிக்கூடங்களில், முதல் வகுப்புக் குழந்தைகளைத் தினம் 40 நிமிஷம் கூடுதலாக வெளியில் விட்டார்கள். 2015-ல் முடிவு வெளியாயிற்று. மூன்று வருஷத்தில் அவர்களில் 100-க்கு 30 பேருக்குக் கிட்டப் பார்வை வந்தது; வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் ஏறக்குறைய 40 பேருக்கு!

ஆகையால் கடலூர்ச் சகோதரிகளே, டியூஷனுக்கு விரட்டுமுன், பகல் வெளிச்சம் இருக்கும்போதே குழந்தைகளைச் சில்வர் பீச்சில் ஓடவிடுங்கள். 'பவர்' வேகமாக ஏறினால் அட்ரோபின் சொட்டு மருந்து உண்டு. அது டாக்டர் பார்த்துத் தரவேண்டியது. வருஷம் ஒரு முறை கண் சோதனையை மட்டும் தவறவிடாதீர்கள்.