வாசலுக்கு வராத வழக்கறிஞர்

கொழும்பில் சிவில் வழக்கு, தெல்லிப்பழையில் வீடு, ஊர்தோறும் தேர்தற் கூட்டம், இவற்றுக்கிடையே ‘சுதந்திரன்’ பத்திரிகைக்கும் பின்பலம்: இப்படி ஓய்வின்றி உழைத்தவர் சா. ஜே. வே. செல்வநாயகம். 1948இல் மலையகத் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமையைச் சட்டம் பறித்தபோது, தம் கட்சித் தலைமையோடு முறித்துக்கொண்டு வெளியேறினார். அதை நாம் மறுக்கவில்லை, மெச்சுகிறோம்.

ஆனால் 1968இல் நடந்தது என்ன? அவருடைய காங்கேசன்துறைத் தொகுதியிலேயே, தெல்லிப்பழைக்கு அயலிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில், உள்ளே சென்று கும்பிட வந்த தாழ்த்தப்பட்ட மக்கள் மறிக்கப்பட்டனர். மறித்தோரின் முன்னணியில் நின்றவர் முன்னாள் மந்திரி சி. சுந்தரலிங்கம், அவரும் சட்டம் படித்தவரே! சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 முதல் ஏட்டில் இருந்தது. காணி உறுதியில் ஒரு குழி பிசகினாலும் கண்டுபிடிக்கும் அப்புக்காத்துமாரின் கண்ணுக்கு இச்சட்டம் மட்டும் தென்படவில்லை போலும்.

தொகுதியின் பிரதிநிதி அம்மக்களோடு வாசலில் வந்து நிற்கவில்லை. அவர் கிறிஸ்தவர், சைவக் கோயிற் காரியத்தில் எப்படித் தலையிடுவார் என்று சமாதானம் சொல்வாருண்டு. நாம் கேட்கிறோம்: தோட்டத் தொழிலாளிக்காக 1948இல் எழுந்து நின்றாரே, அன்று அவர் கொழுந்து கிள்ளியவரா?