ஒருவர் பெயரில் எழுதப்படும் வெற்றி

பலர் கூடிச் செய்த கருமம் கைகூடுமிடத்து, அதன் புகழை ஒருவர் தலையிலேயே சூட்டி மகிழ்வது உலக வழக்கு. ஊர் கூடித் தேர் இழுத்தாலும், முன்வடம் பிடித்தவரையே கண்கள் நாடுகின்றன. இவ்வழக்கு எவ்வளவு நியாயமானது என்பதை ஆராய்வதற்கு, அமெரிக்க ஐக்கிய நாட்டு விளையாட்டரங்குகளில் நெடுங்காலமாக நடந்துவரும் வாதமொன்று நமக்குத் துணைபுரிகின்றது.

அமெரிக்கர் தமது உதைபந்தாட்டம் என்று கூறுவது நம் மாணவர் ஆடும் ஆட்டம் அன்று. முட்டை வடிவான பந்தைக் கையால் எறிந்தும், ஏந்தி ஓடியும், எதிரியின் எல்லையை நோக்கி முன்னேறுவதே அவ்வாட்டம். ஒரே வேளையில் பக்கத்துக்குப் பதினொருவர் களத்தில் நிற்பர். பந்து தம் வசம் உள்ளபோது ஆடுவோர் ஒரு சாரார். எதிரியைத் தடுத்து நிறுத்துவோர் மற்றொரு சாரார். பந்தை உதைப்பதற்கென்றே வேறு சிலர் உளர். இவ்வாறு ஒரு குழுவின் பட்டியலில் 53 பேர் இடம்பெறுவர். இவர்களுள் 'குவாட்டர்பாக்' எனப்படுபவர் பந்தைப் பெற்று, எறிவதா, பிறர் கையிற் கொடுப்பதா என்று கணப்பொழுதில் முடிவு செய்பவர். ஆதலால், வேறெந்த ஆட்டக்காரருக்கும் எழுதாத வெற்றி தோல்விக் கணக்கை இவர் பெயரில் மட்டும் எழுதி வைக்கின்றனர். இது தகுமா என்பதே வாதம்.

தகும் என்பார் காட்டும் சான்றுகளை முதலிற் காண்போம். இந்தியானாபொலிஸ் குழுவினர் 2010ஆம் ஆண்டுப் பருவத்தில் 16 ஆட்டங்களுள் 10இல் வென்றனர். அடுத்த ஆண்டு அவர்தம் குவாட்டர்பாக் பேற்றன் மானிங் கழுத்துச் சத்திரசிகிச்சையால் ஓர் ஆட்டத்திலும் இறங்கவில்லை. அக்குழு வென்றவை இரண்டே ஆட்டங்கள். இன்னும், நியூ இங்கிலாந்துக் குழுவுக்கு ஆறு முறை 'சுப்பர் போல்' என்னும் வாகைப் பட்டத்தை ஈட்டித் தந்த ரொம் பிறேடி 2020ஆம் ஆண்டில் தம்பா குழுவிற் சேர்ந்தார். முந்திய ஆண்டில் ஏழு ஆட்டங்களில் மட்டும் வென்றிருந்த தம்பா, அப்பருவத்திலேயே பட்டத்தைக் கைப்பற்றியது. அவர் நீங்கிய குழுவோ 12 வெற்றிகளிலிருந்து ஏழுக்கு இறங்கியது. இவற்றைக் கேட்டவுடன், எல்லாம் அவராலே என்று கூறத் தோன்றுகின்றதன்றோ?

மறுதரப்பாரின் சான்றுகளும் எளியன அல்ல. அதே பிறேடி 2008ஆம் ஆண்டின் முதலாட்டத்திலேயே முழங்கால் சிதைந்து பருவம் முழுவதையும் இழந்தார். பல்கலைக்கழகத்திற்கூட குவாட்டர்பாக்காக முதலிடம் பெறாத மற் கசெல் என்பவர் அவ்விடத்தில் நின்றார். குழு 16 ஆட்டங்களுள் 11இல் வென்றது. மயாமிக் குழுவின் டான் மறீனோ 1984ஆம் ஆண்டில் 5,084 யார் தூரம் பந்தெறிந்து அந்நாளைய சாதனையை நிலைநாட்டினார். எனினும் அப்பருவத்து இறுதிப் போட்டியில் அவர் குழு 38க்கு 16 என்ற கணக்கில் தோற்றது. அவர் பட்டம் காணாமலே ஓய்வு பெற்றார். பால்ற்றிமோர்க் குழுவின் திரென்ற் டில்பர் புகழ்பெற்ற எறிவீரர் அல்லர். ஆயினும் 2000ஆம் ஆண்டுப் பருவத்தில் அக்குழுவின் தடுப்பாளர் 16 ஆட்டங்களில் 165 புள்ளிகளையே எதிரிகளுக்கு விட்டுக்கொடுத்தனர். பட்டம் அவர்களைத் தேடி வந்தது. பட்டம் வென்ற டில்பரை அக்குழு அடுத்த ஆண்டு வைத்துக்கொள்ளவில்லை! வெற்றி குவாட்டர்பாக்குக்கே உரியது என்னும் கொள்கையை அதன் தலைவர்களே முழுதும் நம்பவில்லை என்பது இதனாற் புலனாகும்.

இனி நாம் சீர்தூக்குவோம். ஒருவர் இல்லாதபோது நேர்ந்த நட்டத்தைக் கொண்டு, அவர் இருந்தபோது கிடைத்த வெற்றி முழுவதையும் அவருக்கே உரிமையாக்குதல் தருக்கப் பிழையாகும். கடையாணி கழன்றால் வண்டி கவிழும். அதனால் வண்டியை இழுத்தது கடையாணியே என்று கூறுவார் உளரோ? கடையாணி இன்றியமையாதது என்பது உண்மை. மாடுகள் இழுத்தன என்பதும் உண்மை. மேலும், ஒரு பருவத்துக்கும் மறு பருவத்துக்குமிடையே மாறுவது ஒருவர் மட்டும் அன்று. 2020இல் நியூ இங்கிலாந்துக் குழுவிலிருந்து எட்டு வீரர் நோய்ப்பரவலை முன்னிட்டு விலகிநின்றனர். தம்பா பட்டம் வென்ற இறுதிப் போட்டியில் அதன் தடுப்பாளர் எதிரிகளை ஒன்பது புள்ளிகளுடன் நிறுத்தினர். அவ்வேளைகளிற் பிறேடி களத்துக்கு வெளியே அமர்ந்திருந்தார்.

ஆகவே, ஒரு குழுவில் தனியொருவருக்குரிய பங்குகளுள் மிகப் பெரியது குவாட்டர்பாக்குடையதே. ஆனால் பெரிய பங்கு முழுப் பங்கு ஆகாது என்பதே நமது முடிவு. அவரை அளக்க வேண்டுமாயின், அவர் எறிந்தவற்றையும் எதிரியிடம் பறிகொடுத்தவற்றையும் எண்ணுக. வெற்றியைக் குழுவின் பெயரில் எழுதுக.

இது வெறும் பொழுதுபோக்கு வாதம் என்று எண்ணற்க. அந்நாட்டுக் கழகத்தில் ஒவ்வொரு குழுவும் வீரர் சம்பளத்துக்குச் செலவிடும் தொகைக்கு 1994 முதல் வரம்புண்டு. 2024இல் அவ்வரம்பு 25 கோடியே 54 இலட்சம் டொலர். அவ்வாண்டிலேயே டலஸ் குழுவினர் தம் குவாட்டர்பாக்குடன் ஆண்டுக்குச் சராசரி 6 கோடி டொலர் வீதம் ஒப்பந்தம் செய்தனர். வரம்புள்ள பானையில் ஒருவருக்கு அள்ளி வைத்தால் ஏனையோருக்கு எஞ்சுவது குறையும். அவரைக் காப்பதற்காகத் தம் உடலையே மதிலாக நிறுத்தி அடிபடுவோரின் கூலியும் அதே பானையிலிருந்துதான் வரவேண்டும். புகழைப் பிழையாகப் பங்கிட்டால் பொருளும் பிழையாகவே பங்கிடப்படும்.

இதன் மறுபுறமும் கருதத்தக்கது. வெற்றி முழுவதையும் ஒருவருக்கு அளிக்கும் கூட்டம், தோல்வி முழுவதையும் அவர்மீதே சுமத்தும். தடுப்பாளர் தளர்ந்த நாளிலும் ஏச்சுக் கேட்பவர் அவரே. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுவன்றோ?

மாணவர்களே, ஒரு கருமத்தின் புகழ் ஒருவர் பெயரில் ஒலிக்கக் கேட்கும்போது, அவரின்றி இது நடந்திருக்குமா என்று மட்டும் வினவி அமையற்க. அவர் மட்டும் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்றும் வினவுக. இரண்டாம் வினாவுக்கு விடை தேடும்போதுதான், பெயர் எழுதப்படாத ஐம்பத்திருவர் நம் கண்ணுக்குப் புலனாவர்.