விடுப்பில் ஒரு நாள் பிள்ளைகளுக்கு

ஆண்டுதோறும் நம் பள்ளி மாணவர்கள் எழுதும் கட்டுரைகளுள் ‘கடற்கரையில் ஒரு நாள்’ என்பதும் ஒன்றாகும். வெண்மணற் பரப்பு, பொங்கியெழும் அலைகள், வீசும் இளங்காற்று ஆகிய யாவும் அதில் அழகுறத் தீட்டப்பட்டிருக்கும். டெசாரு கடலுக்குள் கதிரவன் மறைந்ததாக எழுதுவோரும் உண்டு. கிழக்கு நோக்கிய அக்கடலில் கதிரவன் எழுவானேயன்றி மறைவதில்லை. அப்பிள்ளைகள் கடலைக் கண்டு எழுதவில்லை. நூலில் கண்டதை மனனம் செய்து எழுதியுள்ளனர். இதற்காக அவர்களைக் குறை கூறுவது முறையன்று. காட்டாததைக் காணவில்லையே என்று எவ்வாறு கேட்பது?

நமது ஜொகூர் மாநிலத்திற்கு மூன்று புறமும் நீரே எல்லை. கிழக்கே தென்சீனக் கடல், மேற்கே மலாக்கா நீரிணை, தெற்கே தெப்ராவ் நீரிணை. ஜொகூர் பாருவிலிருந்து டெசாரு ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தொலைவே. நம் முன்னோரோ சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ‘ரஜூலா’ போன்ற கப்பல்களில் ஏறி, நாள் கணக்கில் அலைகளையே பார்த்தபடி இந்நாட்டிற்கு வந்தவர்கள். அவர்தம் கொள்ளுப் பேரப்பிள்ளைகள் கடலறியாமல் வளர்வது பொருந்துமா?

விடியுமுன் எழுந்து, வெயிலில் உழைத்து, மாலையில் களைத்துத் திரும்பும் பெற்றோரின் நிலையை நாம் அறியாதவர்கள் அல்லர். ஆயினும், 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தொழிலாளர்க்கு வாரம் ஒரு நாள் ஓய்வும், ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்பும் வழங்குகின்றது. ஒரே முதலாளியிடம் இரண்டு ஆண்டுக்குக் குறைவாகப் பணியாற்றியோர்க்கு ஆண்டுக்கு 8 நாள்; இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்கு உட்பட்டோர்க்கு 12 நாள்; அதற்கு மேற்பட்டோர்க்கு 16 நாள். இவ்விடுப்பு திருமணத்திற்கும், திருவிழாவிற்கும், துக்க வீட்டிற்கும் செலவாகிவிடுகின்றது. இவை யாவும் வேண்டியவையே. எனினும், அவற்றுள் ஒரே ஒரு நாளைப் பிள்ளைகளுக்கென ஒதுக்க வேண்டும் என்பதே எமது கருத்து.

இது செல்வர்களுக்கு மட்டும் உரிய பழக்கம் என எண்ணுதல் தவறு. பிரிட்டனின் ஒரு பகுதியாகிய வேல்ஸ் நாட்டின் தெற்கே நிலக்கரிச் சுரங்கங்கள் பல இருந்தன. அங்குள்ள தொழிலாளர்கள் கோடையில் இரண்டு வாரம் ஒருசேர விடுமுறை பெற்று, மனைவி மக்களுடனும் அண்டை வீட்டாருடனும் போர்த்கால், பேரி முதலிய கடற்கரைகளுக்குச் சென்று மகிழ்ந்தனர். ஊதியத்துடன் கூடிய விடுமுறைக்கென அந்நாட்டில் 1938ஆம் ஆண்டில் சட்டமே இயற்றப்பட்டது. நிலத்தின் அடியில் இருளில் உழைத்தோர் கடற்காற்றைத் தம் பிள்ளைகளுடன் நுகர்ந்தார்கள் எனில், செம்பனைத் தோப்பிலும் பால்மரக் காட்டிலும் உழைப்போர்க்கும் அது தகுமன்றோ?

எங்குச் செல்வது? பொந்தியான் மாவட்டத்தில் உள்ள தஞ்சோங் பியாய், ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனையாகும். அதன் கண்டல் காடு 2003ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது. நீர் வற்றும் வேளையில் மரப்பாலத்தின்மீது நின்று நோக்கின், சேற்றில் தாவிச் செல்லும் மீன்களையும் மூச்சுவிடுவதற்காக மண்ணுக்கு மேலே நீட்டி நிற்கும் வேர்களையும் காணலாம். டெசாருவில் பெரிய தங்கும் விடுதிகள் உள்ளன. அங்கு அறை எடுத்தாக வேண்டுமென்பதில்லை. பொதுமக்களுக்கான கடற்கரையிலும் அதே அலைதான் வீசுகின்றது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என நிலத்தைப் பகுத்தறிந்த இனத்தின் பிள்ளைகள், நெய்தலைக் காலால் மிதித்து அறிவதே சிறந்த கல்வியாகும்.

‘செலவுக்கு எங்கே போவது?’ எனச் சிலர் வினவலாம். நான்கைந்து குடும்பங்கள் கூடி ஒரு வேன் அமர்த்தினால் வாடகை பகிர்ந்துபோகும். புளிச்சோறும் தயிர்ச்சோறும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு செல்லலாம். அவற்றைத் தாய் ஒருத்தியே விடியற்காலையில் எழுந்து சமைக்க விடாது, தந்தையும் பிள்ளைகளும் உடன் உதவுதல் வேண்டும். அன்னைக்கும் அது விடுமுறை நாள் அன்றோ? பாட்டி தாத்தாவையும் விட்டுச் செல்லலாகாது. அவர்கள் கப்பல் கதைகளைக் கூறுவதற்குக் கடற்கரையைவிடத் தகுந்த இடம் வேறில்லை. ஜொகூரில் 2014 முதல் வெள்ளியும் சனியுமாக இருந்த வார விடுமுறை, 2025 சனவரி முதல் நாளிலிருந்து சனியும் ஞாயிறுமாக மாறியுள்ளது. ஆகவே, சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே நாளில் ஓய்வு பெறுதல் இப்போது எளிது.

மகிழ்ச்சியில் எச்சரிக்கையை மறத்தல் கூடாது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுவதால் கிழக்குக் கரையில் கடல் கொந்தளிக்கும். அக்காலத்தில் அங்கு நீராடுதல் ஆகாது. சிவப்புக் கொடி பறந்தால் நீரில் இறங்கவே கூடாது. நீரோட்டம் உள்ளே இழுத்தால், கரையை நோக்கி எதிர்த்து நீந்தி வலுவிழக்காமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதிலிருந்து விலக வேண்டும். இடி முழங்கினால் உடனே கரையேறுக. கோத்தா திங்கி நீர்வீழ்ச்சி போன்ற இடங்களில் நீர் திடீரெனக் கலங்கினால், மேலே மழை பெய்துள்ளது என உணர்ந்து அக்கணமே வெளியேறுக. சிறுவர்கள் எந்நேரமும் பெரியோரின் கைக்கெட்டும் தூரத்தில் இருத்தல் வேண்டும். கொண்டுசென்ற குப்பையை வீட்டிற்கே திரும்பக் கொணர்வதும் நம் கடமையாகும்.

பள்ளி ஏற்பாடு செய்யும் கல்விச் சுற்றுலாவில் ஆசிரியர்கள் பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டலாம். ஆனால், தந்தையின் தோளில் அமர்ந்து முதல் அலையைக் காணும் இன்பத்தை எந்தப் பள்ளியாலும் அளிக்க இயலாது. பிள்ளைப் பருவமோ விரைந்து கடந்துவிடும். பெற்றோரே! விடுப்பு நாள்களைக் கணக்கிடும்போது முதல் நாளைப் பிள்ளைகளின் பெயரில் எழுதுங்கள். மாணவச் செல்வங்களே! இவ்விதழை இல்லத்திற்குக் கொண்டுசென்று, இப்பக்கத்தை அன்னை தந்தையர்க்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.