நூலக வாரமும் நம் குடும்பங்களும்



நவம்பர்த் திங்கள் 14-ஆம் நாள் தொடங்கி 20-ஆம் நாள் முடிய, ஆந்திரப் பிரதேசத்து நூலகங்களில் ஆண்டுதோறும் நூலக வாரம் கொண்டாடப்பெறுவதை நம்மில் பலரும் அறிவோம். அறிவோம் என்பதோடு சரி. கிளை நூலகத்தின் வாயிலில் மாவிலைத் தோரணம் தொங்குவதைக் கண்டு, “ஏதோ விழாப் போலும்” என்று சொல்லிக்கொண்டு காய்கறிப் பையுடன் கடந்து போகிறவர்களே நம்மவரில் மிகுதி. உள்ளே புத்தகக் கண்காட்சி நடக்கிறது. சிறுவர்க்குப் பேச்சுப் போட்டியும் கட்டுரைப் போட்டியும் வைக்கிறார்கள். ஒருநாள் கவிஞர்கள் கூடுகிறார்கள். மகளிர்க்குக் கோலப் போட்டியும் உண்டு. எல்லாம் தெலுங்கில் நடப்பதால் நமக்கு அங்கே வேலையில்லை என்று நாமே தீர்ப்பெழுதி வைத்திருக்கிறோம். அத்தீர்ப்பை மறு ஆய்வு செய்யவே இம்மாதப் பகுதி.

சித்தூர் மாவட்டம் சென்னை மாநிலத்தில் இருந்த நாளில்தான் நூலகச் சட்டம் பிறந்தது. விடுதலை இந்தியாவின் முதல் நூலகச் சட்டமாகிய அது 1948-இல் இயற்றப்பெற்றது. அதற்கு அரும்பாடுபட்டவர் சீகாழியைச் சேர்ந்த எஸ். ஆர். அரங்கநாதன். 1953-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் அதனுடன் சென்றது. 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. கார்வேட்டிநகரமும் புத்தூரும் திருப்பதியும் இப்பக்கமே நின்றன. அதே 1960-இல் ஆந்திரப் பிரதேசமும் தனக்கென ஒரு நூலகச் சட்டம் செய்துகொண்டது. வீட்டு வரியுடன் சேர்த்து நூலக வரி வாங்குகிறார்கள். வாடகைக்குக் குடியிருப்போரும் வாடகையினுள்ளே அதைக் கொடுத்துத்தான் வருகிறோம். தமிழர் கொடுத்த வரி, தெலுங்கர் கொடுத்த வரி என்று அதில் தனிக் கணக்கு இல்லை.

நூலகத்தை மக்களிடம் கொண்டு சென்ற வரலாற்றில் இரு மொழியினரும் ஒருவருக்கொருவர் இளைத்தவரல்லர். 1931-இல் மன்னார்குடிப் பக்கத்து மேலவாசலில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராய்க் கொண்டு சென்றார்கள்; அவ்வண்டி நூலகத்தைத் தொடங்கி வைத்தவரும் அரங்கநாதன் அவர்களே. நான்கு ஆண்டுகள் கழித்து, 1935-இல், கிருஷ்ணா ஆற்றுப் பாசனக் கால்வாயில் படகிலே நூலகம் நடத்தினார்கள் ஆந்திரர்கள். அங்கே வண்டிப் பாதையினும் வாய்க்கால் மிகுதி, ஆதலால் படகு! அந்நாளைய ஆந்திர நூலக இயக்கத்தார் நூல் கொடுத்ததோடு நில்லாமல் கூட்டங்கள் கூட்டினர். எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கு வாசித்துக் காட்டினர். இன்றைய நூலக வாரத்து மேடைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

இனிக் கார்வேட்டிநகரத்தைப் பார்ப்போம். புத்தூர் ரெயில் நிலையத்தில் இறங்கிப் பேருந்தில் செல்லக்கூடிய தொலைவே. சென்றவர்கள் வேணுகோபாலசுவாமி கோயிலையும் பெரிய குளத்தையும் கண்டு திரும்புகிறார்கள். ஒருகாலத்தில் அது ஜமீன் அரசர்களின் தலைநகர். இசைக்கும் ஆடலுக்கும் பெயர் பெற்ற அவை அங்கே இருந்தது. பதங்கள் பாடிய சாரங்கபாணியும், வர்ணங்கள் இயற்றிய கோவிந்தசாமய்யாவும் அவ்வூரினர். சாரங்கபாணி தம் பதங்களில் முத்திரையாக வைத்தது அவ்வூர் வேணுகோபாலனின் பெயரையே. அப்பதங்கள் தெலுங்கு, ஆயினும் அவற்றைத் தமிழ்நாட்டு இசையரங்கிலும் பரதநாட்டிய மேடையிலும் பாடியும் ஆடியும் காத்தவர்களில் தமிழ் வீட்டுப் பெண்கள் மிகப் பலர். அவ்வூர்ப் பாட்டைச் சென்னையில் நுழைவுச்சீட்டு வாங்கிக் கேட்கிறோம். அவ்வூருக்கு அருகிலேயே குடியிருக்கும் நம் பிள்ளைகளுக்கோ சாரங்கபாணி என்ற பெயரே புதிது. நூலக வாரத்தில் ஒரு மாலை அவருடைய பதங்களைப் பாடச் செய்து, அவற்றின் பொருளைத் தமிழிலும் தெலுங்கிலும் சொன்னால் இரு சாராரும் வந்து அமர்வர் என்பதில் நமக்கு ஐயமில்லை.

இவ்வெண்ணம் வெறும் கற்பனையில் எழுந்ததன்று. சென்ற ஆண்டு நம் பக்கத்துக் கிளை நூலகம் ஒன்றுக்குச் சென்று தமிழ் நூல்கள் உளவோ என்று கேட்டோம். நூலகர் தெலுங்கர், தமிழும் நன்கு பேசுவார். பின்னறைக்குச் சென்று, சணல் கயிற்றால் கட்டிய மூன்று கட்டுகளைக் காட்டினார். “சார், இரண்டு வருடமாக இவற்றைக் கேட்டு வந்தவர் நீங்கள் ஒருவர்தாம். அலமாரியில் இடம் போதவில்லை, கட்டி வைத்துவிட்டேன்” என்றார். அவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. சரக்கு அலுவலகத்தில் பணி செய்த நமக்கு அது பழகிய காட்சி. உரியவர் வந்து கேளாத மூட்டைக்கு ஒரு கெடு உண்டு; கெடு கடந்தால் ஏலம். நூலகத்திலும் எடுப்பாரற்ற நூலைக் கழிக்கும் வழக்கம் இருக்கிறது. புதிதாக நூல் வாங்கும்போதும், எந்த மொழி நூல் எடுக்கப்படுகிறது என்று பதிவேட்டைத்தானே பார்ப்பார்கள்? அப்பதிவேட்டில் தமிழ்க் கையொப்பம் ஒன்றுகூட இல்லை.

“நவம்பரில் விழா வருகிறது, பிள்ளைகளை அழைத்து வாருங்கள், ஒரு மாலை கூடத்தைத் தருகிறேன்” என்றார் அந்நல்லவர். சங்கத்தில் இதைச் சொன்னபோது பெரியவர் ஒருவர் ஒப்பவில்லை. “அவர்கள் விழாவில் நாம் ஒட்டிக்கொள்வானேன்? திருமண மண்டபம் பிடித்து நாமே நடத்துவோம்” என்றார். அவருடைய தமிழ்ப்பற்றை நாம் அறிவோம். எனினும் மண்டபத்தில் நடந்தால் கைதட்டிவிட்டு வீடு திரும்புவோம். கட்டுகள் கட்டுகளாகவே கிடக்கும். இதை நெடுநேரம் பேசித்தான் இசைவு பெற்றோம்.

அம்மாலைக்குக் கூத்துக் கலைஞர் ஒருவரை அழைத்திருந்தோம். இப்பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது பகலில் கதையும் இரவில் கூத்தும் நடப்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். அர்ச்சுனன் தவமரம் ஏறுவான், துரியோதனன் படுகளத்தில் மண்ணுருவாய்க் கிடப்பான், இறுதியில் தீமிதி. அம்முதியவர் ஓர் ஊரில் தெலுங்கிலும் அடுத்த ஊரில் தமிழிலும் ஆடுபவர். வேடமின்றி, வேட்டி துண்டுடன் நின்று, அர்ச்சுனன் தவத்தை ஒருமணி நேரம் சொன்னார். பாதிக்கதை தமிழ், பாதி தெலுங்கு. எவ்விடத்தில் மொழி மாறிற்று என்று எவரும் கவனிக்கவில்லை. தெலுங்குச் சிறுவர்கள் சன்னலில் ஏறி நின்று கேட்டார்கள்.

முடிந்ததும் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் நம் குடும்பத்துப் பெண் ஒருத்தி, “தாத்தா, இந்தக் கதை புத்தகத்தில் இருக்கிறதா?” என்றாள். “இருக்கும் தாயே. எனக்கு எழுத்துத் தெரியாது, கேட்டுக் கேட்டுப் படித்தவன் நான்” என்றார் அவர். நூலகர் பின்னறைக்குச் சென்று கட்டு ஒன்றை அவிழ்த்து, இராஜாஜியின் ‘வியாசர் விருந்து’ நூலை எடுத்து வந்தார். ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தது. அவள் வாங்கி விரித்தாள்; முதல் வரியை எழுத்துக் கூட்டத் தொடங்கி, மூன்றாம் எழுத்தில் நின்றாள். வீட்டில் தமிழ் பேசுகிற குழந்தை. பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் படிக்கிறவள். எழுத்தறியாத முதியவரும் எழுத்தறியாத சிறுமியும் ஒரே நூலைப் பார்த்து நின்றார்கள். தாய் அருகில் வந்து நூலை வாங்கி, ஒரு பக்கத்தை உரக்கப் படித்தார். முதியவர் தலையசைத்துக்கொண்டே கேட்டு, “இந்த இடத்தில் நாங்கள் ஒரு பாட்டுச் சேர்ப்போம்” என்றார்.

அன்று ஒன்பது பேர் உறுப்பினராகக் கையொப்பமிட்டனர். ஒரு திங்களில் அறுவர் நூலைத் திருப்பி வேறு நூல் எடுத்தனர். எஞ்சிய மூவர் யாவர் என்று இங்கே எழுதமாட்டோம். அவர்களும் இவ்விதழைப் படிப்பவர்களே. கட்டுகளில் இரண்டு இப்போது அலமாரிக்கு வந்துவிட்டன. அச்சிறுமி ஞாயிறுதோறும் தாயிடம் எழுத்துக் கூட்டி வருகிறாள், மெல்லத்தான் நகர்கிறது.

காட்சிக்கூடங்களைப் பற்றியும் ஒரு சொல். திருப்பதிக்கு அணித்தேயுள்ள சந்திரகிரியின் இராஜமகாலில் தொல்பொருள் துறையினர் அருங்காட்சியகம் நடத்துகிறார்கள். மரத்தைத் தவிர்த்துக் கல்லும் செங்கல்லும் சுண்ணமும் கொண்டு எழுப்பிய மாளிகை அது. பாகாலை வழியாகக் காட்பாடி செல்லும் ரெயில் பாதையில் சந்திரகிரிக்கு நிலையமும் உண்டு. திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகளில் பெரும்பகுதி தமிழ் என்பதும், தேவஸ்தானத்தார் 1930-களிலேயே அவற்றைத் தொகுதிகளாக அச்சிடத் தொடங்கினர் என்பதும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்கவை. எழுத்துக் கூட்டப் பழகிய பிள்ளையைக் கோயிற்சுவர் முன் நிறுத்தி, பழைய தமிழெழுத்தில் தெரிந்த ஓர் எழுத்தைத் தேடச் சொல்லிப் பாருங்கள். ‘க’வும் ‘ர’வும் அகப்பட்டுவிட்டால் பிள்ளை எளிதில் நகராது.

இவ்வாண்டு விழாவிலும் ஒரு மாலை கேட்டு, தீபாவளிக்கு முன்பே விண்ணப்பம் கொடுத்துவிட எண்ணியுள்ளோம். தமிழ்ச் சிறுவர் நூல்கள் சில புதிதாக வாங்கவேண்டும் என்ற கோரிக்கையும் அதில் சேர்கிறது. உறுப்பினர் கையொப்பங்கள் மிகுந்திருந்தால் கேட்பதற்கு நமக்கும் வாயிருக்கும். விண்ணப்பத்தைத் தெலுங்கில் எழுதித்தர நண்பர் ஒருவர் இசைந்துள்ளார். கையொப்பமிட விரும்புவோர் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறைக்கு வருக. உறுப்பினராவதற்கு முகவரிச் சான்றும் சிறிய வைப்புத்தொகையும் வேண்டியிருக்கும், அவற்றையும் கையோடு கொண்டு வருக. அம்மூவர் நூல்களையும் கொண்டு வருக.