விதியா? வியாபாரமா?

எந்தத் தேசத்து ஏழைக்குக் கஷ்டம் வந்தாலும் “எல்லாம் தலைவிதி” என்று சொல்லிவிட ஒரு கூட்டம் தயாராயிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் புரோகிதரும் பாதிரியும் முல்லாவும் ஒரே கட்சி. அவர்களுக்கு சாலமன் தீவுகளின் கதையைச் சொல்ல ஆசைப்படுகிறோம்.

அது பசிபிக் சமுத்திரத்தில் உள்ள சிறு நாடு. 1997-ல் அதன் ஜனத்தொகை ஏறக்குறைய நாலு லட்சம்தான். வெளிநாட்டு வரும்படிக்கு அது பெரிதும் நம்பியிருந்தது காட்டு மரத்தை. வெட்டியவை பெரும்பாலும் மலேசியக் கம்பெனிகள். முக்கியமாக வாங்கியவை ஜப்பானும் தென் கொரியாவும். காடு திரும்ப வளரக்கூடிய அளவுக்கு மிஞ்சியே வெட்டித் தள்ளினார்கள். போதாக்குறைக்குக் கம்பெனிகளுக்கு ஏற்றுமதி வரியில் சலுகை வேறு! காட்டுக்குச் சொந்தக்காரரான கிராமத்தாருக்கு வந்ததோ சொற்பம்.

இப்படியிருக்க, 1997 ஜூலை 2-ந் தேதி தாய்லாந்து, அமெரிக்க டாலரோடு கட்டி வைத்திருந்த தன் பாட் நாணயத்தை அவிழ்த்துவிட்டது. அந்நியரிடம் வாங்கிய கடனும், அதை வைத்து நிலத்திலும் கட்டிடத்திலும் ஆடிய சூதாட்டமும் வெளிப்பட்டன. பயந்துபோன முதலாளிகள் அண்டை நாடுகளிலிருந்தும் பணத்தை உருவிக்கொண்டார்கள். அவ்வருஷ முடிவுக்குள் தென் கொரியாவே சர்வதேச நாணய நிதியத்தின் வாசலில் கடனுக்கு நின்றது. கொரியாவில் கட்டிட வேலை படுத்தால் மரம் யாருக்கு வேண்டும்? தீவில் மரத்தின் விலை விழுந்தது. பல இடங்களில் வெட்டு நின்றது. அதோடு கூலியும் நின்றது. அந்தத் தீவுக்காரன் பாங்காக்கில் ஒரு தம்பிடி கடன் வாங்கியவனல்ல!

இனித்தான் வேடிக்கை. அவ்வருஷம் டிசம்பரில் சாலமன் தீவு சர்க்கார் தன் டாலரின் மதிப்பை நூற்றுக்கு 20 வீதம் குறைத்தது. இதென்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். கணக்குப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து 4 டாலருக்கு இறங்கிய அரிசி இனி 5 டாலர். அயல் பணத்துக்கு மரம் விற்கும் கம்பெனிக்கோ, அதே அயல் பணம் உள்ளூரில் 4-க்குப் பதில் 5 ஆகிறது. விழுந்த விலைக்கு அது ஒரு முட்டு. அரிசி தின்பவனுக்கு முட்டுக் கொடுப்பார் யார்?

மதிப்பைக் குறைக்காவிட்டால் இருப்பிலிருந்த அயல் பணம் கரைந்து இறக்குமதியே நின்றிருக்கும் என்று பொருளாதாரப் பண்டிதர்கள் சொல்வார்கள். அதை நாம் மறுக்கவில்லை. நஷ்டம் நஷ்டம்தான், யாராவது சுமந்துதான் தீர வேண்டும். ஆனால் அதில் பெரும்பங்கை யார் தலையில் ஏற்றுவது என்று தீர்மானித்தது எந்தக் கிரகம், எந்த ஆண்டவன் என்பதுதான் நாம் கேட்பது.